எண்ணெய் தின்ற செல்கள்

முப்பத்திரண்டு வயதில் ஒருத்தி, பணியிலிருந்து ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொண்டு அனுபவம் எழுத உட்கார்ந்தால் படிக்கிறவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். தென்காசியில் ஒரு நெஞ்சு நோய் மருத்துவமனையின் ஆய்வகத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். மகன் பிறந்தான், அவனுக்கு அடிக்கடி சளி பிடித்தது, வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். செய்தது சரியா என்று தினமும் ஒரு தடவையாவது யோசிக்கிறேன். இதை எழுதும்போதுகூட இரண்டு முறை எழுந்துபோய், தூங்குகிறவனின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண் போன வாரம் கூப்பிட்டாள்.

"அக்கா, நம்ம லேப்ல மெஷின் வந்துட்டு. சளிய அதுக்குள்ள வச்சா டி.பி. இருக்கா இல்லையான்னு அதுவே சொல்லிருது. இனி மைக்ராஸ்கோப்ல நாங்க என்னத்தப் பாக்கணும்? நீங்க ஏதாவது எழுதிக் குடுங்களேன், நாங்க படிச்ச காலேஜ் மலருக்குப் போடுதோம்."

மெஷின் வந்ததில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அது முன்பே வந்திருந்தால் சுடலைமுத்து அண்ணாச்சி இரண்டு தடவை தேவையில்லாமல் மாத்திரை விழுங்கியிருக்க மாட்டார். அவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதற்கு முன் கோமதி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திருநெல்வேலியில் இரண்டு வருடம் டிப்ளமோ படித்தேன். அங்கே கற்றதில் பாதியைக் கோமதி அக்கா முதல் வாரத்திலேயே மறக்கச் சொன்னார். அவர்தான் எங்கள் ஆய்வகத்துக்குப் பொறுப்பு. நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சளி டப்பா வந்ததும் மூடியைத் திறக்காமலே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். தண்ணீர் மாதிரி ஓடினால் போச்சு.

"ஏட்டி பிரியா, இது துப்பல். இதுல என்னத்தக் கண்டுபிடிக்கப் போற? காலையில என்ன பல்பொடி போட்டான்னா?"

அதனால் சளி எடுப்பதையே எங்களுக்கு ஒரு வேலையாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். நோயாளியை ஆய்வகத்தின் பின்புறம் வெட்டவெளிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். காற்று நம் முதுகுப் பக்கத்திலிருந்து அவரை நோக்கி அடிக்கும்படி நின்றுகொள்ள வேண்டும். வாயை வெறும் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். ஆழமாக மூச்சை இழுத்து, நிறுத்தி, விட்டு, மறுபடி இழுத்து, மூன்றாவது மூச்சில் அடிவயிற்றிலிருந்து இரும வேண்டும். வெட்கப்படாமல் நாமே ஒரு தடவை இருமிக் காட்ட வேண்டும். பிறகு உள்ளே வந்து, தென்னை ஈர்க்குச்சியின் நுனியை நசுக்கி, சளியில் கட்டியாக இருக்கும் இடத்தைத் தொட்டுக் கண்ணாடிச் சில்லில் தடவுவோம். காய்ந்ததும் சூடு காட்டி, சிவப்புச் சாயம் ஊற்றி, ஆவி வரும்வரை அடியில் தீ காட்டுவோம். கொதித்துவிடக் கூடாது. அமிலம், கடைசியில் நீலச் சாயம். காசநோய்க் கிருமி இருந்தால் நீலத்தின் நடுவே சிவப்புக் கோடாகத் தெரியும்.

கிருமியைத் தேடுவதற்கு முன் வேறு ஒன்றைத் தேடச் சொல்வார்.

"மொதல்ல உள்ளூர்க்காரன் இருக்கானா பாரு."

உள்ளூர்க்காரன் என்று அவர் சொன்னது நுரையீரலின் காற்றறைகளிலேயே குடியிருக்கும் பெரிய செல்லை. பாடப்புத்தகத்தில் மேக்ரோபேஜ். தூசி, புகை, கிருமி, செத்த செல் என்று எது உள்ளே வந்தாலும் விழுங்கிச் சுத்தம் செய்வது அதன் வேலை. சில்லில் அது இருந்தால் சளி நுரையீரலிலிருந்து வந்தது. கன்னத்தின் தட்டையான செல்கள் மட்டும் இருந்தால் வாயிலிருந்து வந்தது. எங்களுக்கு அந்தச் செல் ஒரு முத்திரை, அவ்வளவுதான். இருக்கிறது என்று பார்த்ததும் அதைத் தாண்டிக் கிருமியைத் தேடப் போய்விடுவோம்.

பல வருடமாக இட்லிக் கடை நடத்தும் ஒரு அக்கா மூச்சுத் திணறலோடு வந்தார். தன் சளியைத் தானே பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார். காட்டினேன். செல்களுக்குள் கரி பொட்டுப் பொட்டாகக் கிடந்தது. கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஏ பிள்ள, எம் அடுப்புல்லா உள்ள கெடக்கு!"

எங்கள் டாக்டரம்மா அன்று ஆய்வகத்தில்தான் இருந்தார். அந்த அக்கா போன பிறகு எங்களிடம் கொஞ்ச நேரம் பேசினார். உடம்பின் காவலில் ஒரு வகை, பார்த்துப் பழகிக் கற்றுக்கொள்வது. தடுப்பூசி போடுவது அதற்காக. இன்னொரு வகை நாம் பிறக்கும்போதே கூட வருகிறது. மூக்கின் ரோமம், சளி, மூச்சுக்குழாயில் அலைபோல அசைந்து குப்பையை மேலே தள்ளும் நுண்ணிய மயிர்கள், தும்மல், இருமல், கடைசியில் இந்த விழுங்கும் செல்கள். இந்தக் காவல் எதற்கும் காத்திருக்காது, வந்ததை உடனே எதிர்க்கும். ஆனால் புகை தினமும் வந்துகொண்டே இருந்தால் எதிர்ப்பும் நிற்பதில்லை. இந்தச் செல்கள் மேலும் மேலும் துணைக்கு ஆள் கூப்பிடும். வருகிறவை கொட்டும் ரசாயனமும் நொதியும் நாளடைவில் காற்றறையின் சுவரையே அரித்துவிடும். "காப்பாத்த வந்ததுதான். எப்ப நிறுத்தணும்னு அதுக்குச் சொல்ல ஆள் இல்ல" என்றார் டாக்டரம்மா.

சுடலைமுத்து அண்ணாச்சி வந்தது ஒரு சீசன் நேரத்தில். குற்றாலத்தில் சாரல் பிடித்து, லாட்ஜ் எல்லாம் நிறைந்து, தென்காசி பஸ் ஸ்டாண்டிலேயே ஈரத் துண்டோடு ஆட்கள் திரிகிற சமயம். அவர் அருவிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். வீடு இலஞ்சியில். ஐம்பதை ஒட்டிய வயது, நல்ல உயரம், விரிந்த தோள். அந்த உடம்பை வைத்துக்கொண்டு வாசலிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். நோயாளி நடந்து வருவதைப் பார்க்காமல் டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைத் தொடமாட்டார். அன்றும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கொண்டுவந்த எக்ஸ்-ரேயில் நுரையீரலின் கீழ்ப்பகுதியில் இரண்டு பக்கமும் வெள்ளையாக நிழல். வேறு இடங்களில் காட்டி, டி.பி. என்று இரண்டு முறை முழுதாக மாத்திரை சாப்பிட்டிருந்தார். அந்த டாக்டர்களைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் நாள்பட்ட இருமலும் நெஞ்சில் நிழலும் இருந்தால் முதலில் அந்த எண்ணம்தான் வரும். ஆனால் ஒரு தடவையும் சளியில் கிருமி தெரியவில்லை. டி.பி. நிழல் பெரும்பாலும் மேலே வரும், இது கீழே இருக்கிறது என்று டாக்டரம்மா யோசித்தார். புகை இல்லை, பீடி இல்லை. "மூக்குல சொட்டு மருந்து ஏதாவது விடுதீங்களா?" என்றும் கேட்டார். இல்லை என்றார் அண்ணாச்சி. சளியை மறுபடி பார்க்கச் சொல்லி எங்களிடம் அனுப்பினார்.

பின்புறம் கூட்டிக்கொண்டு போனபோது அவர் இருமுவதை விட்டுவிட்டு என்னிடம் பேச ஆரம்பித்தார்.

"தாயி, டி.பி. இல்லன்னு டாக்டரம்மா வாயால ஒரு வார்த்த வாங்கித் தருவியா?"

"பாத்துட்டுத்தான சொல்ல முடியும் அண்ணாச்சி."

"எனக்கு மூச்சு வந்தா வருது, வராட்டிப் போகுது. எம் மவளுக்கு ஆம்பளப் பிள்ள பெறந்து மூணு மாசம் ஆவப்போவுது. கீழப்பாவூர்ல கட்டிக் குடுத்திருக்கேன். டி.பி. உள்ளவரு பிள்ளையத் தொடக் கூடாதுன்னு சம்பந்தி வீட்டுல சொல்லிட்டாக. அவுகளச் சொல்லியும் குத்தமில்ல. தெருவுல நின்னு சன்னல் வழியாப் பாத்துட்டு வந்தேன். ஊருல உள்ளவன் பிள்ளைக்கெல்லாம் இந்தக் கைதான் எண்ணெ தேய்க்குது. எம் பேரனத் தொட விதியில்ல."

அப்போது எனக்குக் குழந்தை இல்லை. அவர் சொன்னது அன்று பாதிதான் புரிந்தது.

சில்லைப் பார்த்தேன். கிருமி இல்லை. உள்ளூர்க்காரர்கள் நிறைய. ஆனால் ஒவ்வொன்றும் வழக்கத்தைவிடப் பெருத்து, உள்ளே வட்ட வட்டமாக ஓட்டைகளோடு, சோப்பு நுரை மாதிரி இருந்தது. நான் எதையும் ஒரு தடவை பார்த்து நம்புகிறவள் இல்லை. சாயத்தை அதிகம் சூடாக்கிக் கெடுத்துவிட்டேனோ என்று முதல் சந்தேகம். இன்னொரு சில்லு போட்டேன். அதே நுரை. சாயம் போடாமல் ஈரச் சளியை அப்படியே வைத்துப் பார்த்தேன். ஓட்டைகள் இருந்த இடத்தில் பளபளவென்று சொட்டுகள். சந்தேகமே இல்லாமல் எண்ணெய். பெரிய லென்ஸுக்கு அடியில் நாங்களே ஒரு சொட்டு எண்ணெய் வைத்துத்தான் பார்ப்போம். அதுதான் ஒட்டிக்கொண்டதோ என்று லென்ஸைத் துடைத்தேன், புதுச் சில்லு எடுத்தேன். அப்போதும் இருந்தது. கோமதி அக்காவைக் கூப்பிட்டேன்.

"அந்த மனுசன் கையப் பாத்தியா? செக்குல முக்கி எடுத்த மாதிரி இருக்கு. டப்பாவுல கை பட்டு விழுந்திருக்கும். இதுக்கா கூப்பிட்ட?"

"அக்கா... கையில உள்ள எண்ணெய்னா செல்லுக்கு வெளியதான இருக்கும்? இது உள்ள இருக்குற மாதிரி இருக்கு. எனக்குச் சரியாத் தெரியல, ஒரு தடவ நீங்க..."

அக்கா குனிந்தார். ஃபோகஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாதாரணமாகப் பார்த்த உடனே திட்டுகிறவருக்கு அன்று நிமிரவே நேரமானது.

"சீவன் போறதுக்குள்ள எவ்ளோ தின்னுருக்குங்க" என்றார் மெதுவாக. பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கு வெறும் வயித்தோட வரச் சொல்லு. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லு. டப்பாவ நீ பிடி. அவரு தொடவே கூடாது" என்றார்.

மறுநாள் காலையில் வெளியே பொடிச் சாரல். அண்ணாச்சி சொன்னபடி கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வாய் கொப்பளிக்கச் சொன்னேன். கொப்பளித்துவிட்டு நின்றார்.

"மூக்கையும் சிந்திட்டு வரட்டா தாயி? ராத்திரி விட்ட எண்ணெ கெடக்கும்."

டப்பா என் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டேன்.

"மூக்குல எண்ணெய் விடுவீங்களா?"

"விடாம? நாள் பூரா ஈரத்துல நிக்கோம்லா. சளி பிடிக்காம இருக்க, படுக்கும்போது ரெண்டு மூக்குலயும் விட்டுட்டு மல்லாந்து கெடப்போம். அருவியில எண்ணெ தேய்க்கவன் பாதிப் பேரு விடுவான். மத்தவனுக்கு ரெண்டு சொட்டு. எனக்கு இருமல் வந்ததுக்கப்புறம் அது பத்தல. ஒரு மூடி விடுதேன்."

"டாக்டரம்மா கேட்டாங்களே அண்ணாச்சி, மூக்குல ஏதாவது விடுதீங்களான்னு?"

"மருந்துன்னுல்லா கேட்டாக? எண்ணெ மருந்தா?"

அவர் கேட்டது நியாயம்தான். நாங்கள் கேட்ட கேள்வியில் அவருடைய எண்ணெய்க்கு இடம் இல்லை. அவருக்கு அது தலைக்கு எண்ணெய் வைப்பது மாதிரி ஒரு பழக்கம். இருமல் கூடக் கூட எண்ணெயைக் கூட்டினார். எண்ணெய் கூடக் கூட இருமல் கூடியது.

டாக்டரம்மா தானே வந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். திருநெல்வேலிக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எக்ஸ்-ரேயில் நிழலாகத் தெரிந்த இடத்தில் கொழுப்பின் அடர்த்தி இருப்பதாக ஸ்கேனில் வந்தது. மீதிச் சோதனைகளும் டி.பி. இல்லை என்றே சொல்லின. முடிவைச் சொல்லும் அன்று, சளி கொடுக்கும்போது கூட நின்றவள் என்பதால், என்னையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, தண்ணி தப்பிப் போய் மூச்சுக்குழாய்ல விழுந்தா என்ன ஆகும்?"

"பொரை ஏறும்."

"எண்ணெய்க்கு அப்படிப் பொரை ஏறாது. வழுக்கிட்டு சத்தமில்லாம இறங்கிரும். குப்பையத் தள்ளுற மயிரெல்லாம் அதுல நனைஞ்சு படுத்துரும். கடைசியில ஒரு செல் அதை முழுங்கும். முழுங்கிரும், ஆனா செரிக்காது. வெடிச்சுச் செத்துப்போகும். எண்ணெய் வெளிய வரும், அடுத்த செல் முழுங்கும். இத்தன வருசமா உங்க நெஞ்சுல இதுதான் நடக்கு. டி.பி. இல்ல. ஒருத்தர்ட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டாது. எண்ணெய நிறுத்துங்க, மத்தத மெதுவாப் பாப்போம்."

'ஒட்டாது' என்ற சொல்லிலேயே அவர் நின்றுவிட்டார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "அப்ப பிள்ளையத் தூக்கலாம்" என்றார். அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டு எழுந்தவர், கதவுவரை போய்த் திரும்பினார். மலர்ந்த முகம் அதற்குள் வெளுத்திருந்தது.

"டாக்டரம்மா, சின்னப் பிள்ளைக்கு விட்டாலும் இப்படித்தான் எறங்குமா?"

"இன்னும் சுலபமா இறங்கும். யாருக்கு விடுதாங்க?"

அவர் அதற்குள் சட்டைப் பையில் போனைத் தேடினார். நம்பரை இரண்டு தடவை தப்பாகப் போட்டார். நான் வாங்கி, மகள் பெயரைத் தேடிப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். பேரனைத் தொட முடியாத ஏக்கத்தில் அவரே நல்லெண்ணெயைக் காய்ச்சி ஒரு பாட்டிலில் ஊற்றிக் கீழப்பாவூருக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். தலைக்கு, உடம்புக்கு, மூக்கில் சொட்டு என்று சொல்லியும் அனுப்பியிருக்கிறார். அப்படி ஒரு எண்ணெய் போனதே எங்களுக்குத் தெரிந்தது அந்தப் போனில்தான்.

"ஏட்டி பேச்சி, நான் குடுத்த எண்ணெய மூக்குல விடுதீங்களா?"

"ஆமாப்பா. ஒருநாள் விட்டு ஒருநாள். இன்னைக்கும் அத்த இப்பத்தான் குளிப்பாட்டத் தூக்கிட்டுப் போறாக."

"ஓடு. ஓடிப்போயி பாட்டிலப் புடுங்கு!"

"என்னப்பா, என்ன ஆச்சு?"

"புடுங்குட்டி மொதல்ல!"

போனை எங்கோ போட்டுவிட்டு அவள் ஓடும் சத்தம் கேட்டது. தூரத்தில் தண்ணீர்ச் சத்தம், குழந்தை சிணுங்குவது, ஒரு பெண்ணின் அதட்டல். பெரிய மனிதர், தோள் குலுங்க என் முன்னால் நின்றார். நானும் டாக்டரம்மாவும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூச்சு வாங்கிக்கொண்டு பேச்சி திரும்ப வந்தாள்.

"இன்னைக்கு இன்னும் விடலப்பா. தலைக்குத்தான் வச்சிருந்தாக."

டாக்டரம்மா போனை வாங்கி, குழந்தைக்கு இருமல் உண்டா என்று கேட்டார். ஒரு வாரமாக லேசாக இருக்கிறது என்றாள். உடனே கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

அண்ணாச்சியின் நுரையீரல் என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெயை நிறுத்தினார். பல மாதங்களில் நிழல் மெதுவாகக் குறைந்தது. ஆனால் முழுதாகப் போகவில்லை. செல்கள் போராடிய இடங்களில் தழும்பு விழுந்திருந்தது, அது அப்படியே தங்கிவிட்டது. மாடிப்படி ஏறினால் இன்றும் நிற்பார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த சீசனில் அருவிக்கரைத் தொழிலாளர்களிடம் அவரே போய்ப் பேசினார். சிலர் நிறுத்தினார்கள். சிலர் சிரித்தார்களாம்.

போனில் பேசிய அன்று மத்தியானமே பேச்சி குழந்தையோடு வந்தாள். கூடவே அவள் மாமியாரும் விறைப்பாக வந்தார். டாக்டரம்மா அந்தச் சின்ன நெஞ்சில் முன்னும் பின்னும் வெகுநேரம் வைத்துக் கேட்டார். படம் எடுத்துப் பார்த்தார். நுரையீரல் தெளிவாக இருக்கிறது, மூச்சின் வேகமும் சரிதான், இருமலைக் கவனித்துக்கொள்ளுங்கள், மூக்கில் மட்டும் இனி எதுவும் விட வேண்டாம் என்றார். பேச்சி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

வெளியே பெஞ்சின் ஒரு முனையில் அண்ணாச்சி. மறுமுனையில் குழந்தையோடு மாமியார். நடுவில் மூன்று பேர் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது.

"சம்பந்தி குடுத்த எண்ணெயாச்சேன்னு நம்பித்தான விட்டேன்" என்றார் அந்த அம்மாள், சுவரைப் பார்த்து.

"தப்புத்தான் மைனி."

"நான் மட்டும் என்னவாம்? டி.பி. டி.பி.ன்னு ஒங்களத் தெருவுல நிக்க வச்சேன். அந்தச் சவத்து எண்ணெப் பாட்டில நடுவீட்டுல வச்சேன்."

ரத்தம் எடுக்கும் தட்டோடு நான் அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் எழுந்து, நடுவில் இருந்த இடத்தைக் கடந்து போய் நின்றார்.

"இந்தாங்க, செத்தப் பிடிங்க. எனக்குக் கை கடுக்கு."

கடுத்திருக்காது. மூன்று மாதக் குழந்தை என்ன கனம் இருந்துவிடும்? அண்ணாச்சி என்னைப் பார்த்தார். வாங்கலாம் என்று தலையசைத்தேன். எத்தனையோ பேரின் உடம்பைப் பிடித்துவிட்ட அந்தக் கைகள், எங்கே பிடிப்பது என்று தெரியாமல் ஒரு கணம் அந்தரத்தில் நின்றன. பிறகு கழுத்தையும் இடுப்பையும் தாங்கி வாங்கிக்கொண்டன. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். அத்தனை நாள் பயம், உடனே போகவில்லை.

குழந்தை அவரையே பார்த்தது. மூக்கைச் சுருக்கி, சடாரென்று ஒரு தும்மல் போட்டது. அண்ணாச்சி உறைந்துபோனார்.

"தாயி, தும்முதானே?"

"தும்மட்டும் அண்ணாச்சி. உள்ள வந்ததை அவனே வெளிய தள்ளுதான். அதுக்கு யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டாம்."

"தாத்தா மேலதான் தும்முதான்" என்றார் அந்த அம்மாள். "நல்லா வாங்கிக்கிடுங்க."

அண்ணாச்சி முகத்தைப் பேரன் பக்கம் திருப்பினார். கன்னத்தில் பட்ட ஈரத்தை அவர் துடைக்கவில்லை.